கொசுக்காரர் வீட்டு மீன்

முதல் பெட்டை மூன்றே மணி நேரத்தில் செத்துப்போனது. கடையிலிருந்து பையில் கொண்டுவந்த கையோடு அதை ஆண் மீனை விட்ட டப்பிலேயே கவிழ்த்துவிட்டார்கள். ஆண் செவுளை விரித்துக்கொண்டு அதைத் துரத்தியது.

"விளையாடுதுங்க" என்றாள் கொசுக்காரரின் மனைவி, டப்பின் விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு.

அவள் ஒன்றைச் சொல்லிவிட்டால் அவரிடம் மறுபேச்சு கிடையாது. விளையாடட்டும் என்று குளிக்கப் போனார். தலை துவட்டிக்கொண்டு வந்து பார்த்தால் பெட்டைக்கு வால் இருந்த இடத்தில் நூல் நூலாக என்னமோ தொங்குகிறது. வயிற்றில் ஒரு பக்கம் செதிலே இல்லை. அவள் அப்போதும் தாடையை எடுக்காமல், "பாருங்களேன், ரெண்டும் எப்படிச் சுத்திச் சுத்தி வருது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவர் மீனை விட்டு அவள் கண்ணைப் பார்த்தார். கரண்டியால் அதைத் தனியே எடுத்து, "அவளுக்கும் களைப்பா இருக்கும்ல, கொஞ்ச நேரம் இருக்கட்டும்" என்று சொல்லிச் சமாளித்தார். சாயங்காலம் பூந்தொட்டியில் புதைத்தார். மனைவியிடம், "புதுத் தண்ணி ஒத்துக்கல போல" என்றார்.

அவருக்கு நகராட்சியில் கொசு மருந்து அடிக்கும் வேலை. இருபத்திரண்டு வருஷமாகப் புகை இயந்திரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருத்தெருவாக நடந்து இடது தோள் இரண்டு விரல் இறங்கிவிட்டது. தெருவில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் கொசுக்காரர். கடிதம் கொண்டுவருகிறவர்கூட அப்படித்தான் விசாரிப்பார். அப்படிப்பட்டவர் ஃபைட்டர் என்கிற இந்தச் சண்டை மீனுக்காகத் தினமும் மூடி போட்ட பாட்டிலில் கொசுப்புழுவைப் பிடித்து வீட்டுக்கு எடுத்து வர ஆரம்பித்தார். ஜோடி சேருவதற்கு முன்னால் ஆணுக்கும் பெட்டைக்கும் பதினைந்து நாள் உயிருள்ள தீனிதான் போடவேண்டுமாம். எந்தத் தொட்டியில், எந்தச் சாக்கடை மூலையில் மருந்து விழவில்லை என்று ஊரிலேயே அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

கீழ்வீட்டில் இருந்த மைத்துனி படியில் அவரைப் பார்க்கும்போதெல்லாம் பிடித்துக்கொள்வாள்.

"ஏன் மாமா, ஊர்ல இருக்கிற கொசுவைக் கொல்லச் சம்பளம் வாங்குறீங்க. வீட்ல பாட்டில் பாட்டிலா வளக்கிறீங்க. இது உங்க ஆபீசருக்குத் தெரியுமா?"

"சொல்லிராத தாயே. உனக்கும் ரெண்டு குட்டி மீன் தர்றேன்."

"எனக்கெதுக்கு? இருக்கிற ரெண்டு பிள்ளைங்களுக்குத் தீனி போட்டே மாளல."

குரலைத் தாழ்த்தி, "அக்கா எப்படி இருக்கா?" என்று கேட்பாள். அவர் பாட்டிலை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்துக்கொண்டே, "இருக்கா" என்பார்.

மனைவி தையல்கடைகளுக்குக் காஜா எடுத்துக் கொடுப்பவள். மிஷினில் போடும் காஜா இல்லை, பொத்தான் ஓட்டையைச் சுற்றிக் கையால் நூலோட்டி எடுக்கும் காஜா. கல்யாணச் சட்டை, கோட்டு என்றால் மாஸ்டர்கள் அவளிடம்தான் கொடுத்து அனுப்புவார்கள். மகளைப் படிக்கவைத்து வேற்றூரில் கட்டிக்கொடுத்தது பாதி அந்த ஊசியில்தான். போன வருஷக் கடைசியில் ஒரு கறுப்புக் கோட்டுக்குக் கரும்பச்சை நூலில் ஆறு காஜா எடுத்து அனுப்பினாள். மாஸ்டர் நல்ல மனுஷர். நேரில் வந்து டீ குடித்துவிட்டு, "கொஞ்ச நாள் ஓய்வெடுங்கக்கா" என்று மட்டும் சொல்லிப் போனார்.

"அன்னைக்குக் கரண்ட் இல்ல. ஜன்னல் வெளிச்சத்துல யாருக்குத்தான் தெரியும்?" என்று அவள் ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்றைக்குக் கரண்ட் இருந்தது.

கண் டாக்டர் ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். கண்ணின் நரம்பு காய்ந்துகொண்டு வருகிறது. ஓரத்திலிருந்து சுருங்கும், நிறம் வெளுக்கும். போனது திரும்பாது. சொட்டு மருந்து விட்டால் இருப்பதைக் கொஞ்ச நாள் இழுத்துப் பிடிக்கலாம். கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று அவர் கேட்டார். டாக்டர் காகிதத்தில் எழுதிக்கொண்டே, "சொல்ல முடியாதுங்க. ஆறு மாசம், எட்டு மாசம்" என்றார். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

மருந்துக்கடையை ஒட்டி ஒரு வளர்ப்பு மீன் கடை. சீட்டு வாங்கிக்கொண்டு அவர் வரிசையில் நின்ற நேரத்தில் அவள் அங்கே ஒரு கண்ணாடி பாட்டில் முன்னால் குனிந்து நின்றாள். கருநீல ஆண், வாலை விசிறிக்கொண்டு. "இது நல்லாத் தெரியுது எனக்கு. அசையுதுல்ல" என்றாள். அதையும் ஒரு பெட்டையையும் வாங்கி வந்தார்கள். அந்தப் பெட்டைதான் இப்போது பூந்தொட்டியில் இருந்தது.

இரண்டாவது பெட்டை வாங்கப் போனபோது கடைக்காரர் சிரித்தார். வாயில் எப்போதும் ஒரு தீக்குச்சியைக் கடித்துக்கொண்டிருக்கிற ஆள்.

"எடுத்த எடுப்புல ஒண்ணா விட்டா அப்படித்தாம்மா. இதுங்களுக்குக் கோபம்தான் முதல்ல வரும், ஆசை அப்புறம்தான். பேசாம குட்டியாவே நாலு வாங்கிட்டுப் போங்க. வீட்ல ஜோடி போட்டுக் குஞ்சு எடுக்கிறது லேசுப்பட்ட காரியம் இல்ல. நானே பத்து தடவை போட்டா மூணு தடவைதான் நிக்கும்."

"நீங்க எப்படின்னு சொல்லுங்க. நான் பாத்துக்கறேன்" என்றாள் அவள்.

கடைக்காரர் கொசுக்காரரின் முகத்தைப் பார்த்தார். இவரோ சுவரில் இருந்த காற்றுக்குழாயைப் பார்த்தார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது, "ஏம்மா, மீன் இருக்குல்ல, அதைப் பாத்துக்கிட்டு இருந்தாப் போதாதா? குட்டி எதுக்கு?" என்று கேட்டார்.

அவள் மீன் பையைக் கண்ணுக்குக் கிட்டே தூக்கிப் பிடித்தாள். "எல்லாம் நாளுக்கு நாள் சின்னதாயிட்டே வருதுங்க. உங்க மூஞ்சியே காஜா ஓட்டை வழியாப் பாக்கிற மாதிரித்தான் இருக்கு. நாளுக்கு நாள் பெருசாகிற ஒண்ணைப் பாக்கணும். ஒரே ஒரு தடவை. அவ்வளவுதான்."

ஒரு மனுஷன் தன் பெண்டாட்டிக்கு இதைக்கூடச் செய்துகொடுக்க முடியாவிட்டால் என்ன மனுஷன் என்று அவருக்குத் தோன்றியது.

இந்த முறை எல்லாம் கடைக்காரர் சொன்னபடி நடந்தது. அகலமான டப்பில் நான்கு விரல்கடைத் தண்ணீர். ஆபீஸ் வாசலில் நின்ற வாதாம் மரத்தின் காய்ந்த இலை ஒன்று, தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வரும்வரை. மேலே ஒரு மூலையில் பாதியாக வெட்டிய தெர்மோகோல் கப், ஆண் அதற்கடியில் நுரைக்கூடு கட்டுவதற்கு. தலையும் அடியும் வெட்டிய பிளாஸ்டிக் பாட்டிலை நடுவில் நிற்கவைத்து அதற்குள் பெட்டை. பார்க்கலாம், கடிக்க முடியாது.

இரண்டு நாள் ஆண் கப்புக்கடியில் குமிழி விட்டது. வாயில் காற்றைக் கவ்விக் கவ்வி வந்து, ஒவ்வொன்றாக ஒட்டவைத்தது. பெட்டையின் உடம்பில் மேலிருந்து கீழாகக் கோடு விழுந்தது. அது சம்மதத்துக்கு அடையாளம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள்தான் பாட்டிலை உருவினாள். அவர் எதிர்ப்பக்கம் குந்தி உட்கார்ந்தார், கையில் கரண்டியோடு, எதற்கும் இருக்கட்டும் என்று.

"துரத்துறான்... இந்தா, உன் பக்கம் வர்றா... இலைக்கு அடியில போயிட்டா" என்றார்.

"நீங்க சொல்லாதீங்க. நான் பாக்கிறேன்."

"இல்ல, அந்தப் பக்கம் ஓரமா..."

"நான்தான் பாக்கிறேன்னு சொல்றேன்ல? கிரிக்கெட்டா நடக்குது இங்க?"

அவள் முகத்தை இங்குமங்கும் திருப்பித் திருப்பித் தண்ணீருக்குள் மீனைத் தேடினாள். மீன் கிடைத்த நேரம் முகம் நிற்கும், தப்பிய நேரம் மறுபடி அலையும். மீனைவிட அவர் அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்து மணிக்குமேல் பெட்டை தலையைக் கவிழ்த்துக்கொண்டு தானாகவே கூட்டுக்கடியில் போனது. ஆண் அதைச் சுற்றி வளைந்து உடம்பாலேயே கட்டிக்கொண்டது. கொஞ்ச நேரம் இரண்டும் செத்ததுபோல் நின்றன. பிறகு வெள்ளையாக, ரவையைவிடச் சின்னதாக கொஞ்சம் முட்டை கீழே உதிர்ந்தது. ஆண் விடுபட்டுப் பாய்ந்து, தரையைத் தொடுமுன் ஒவ்வொன்றாக வாயில் கவ்வி மேலே கொண்டுபோய்க் கூட்டில் வைத்தது.

"பாத்தேங்க" என்றாள். "முட்டை விழுந்ததப் பாத்தேன். அவன் பொறுக்கினதையும் பாத்தேன். ஆறு."

அவருக்கு எட்டு மாதிரித் தெரிந்தது. "ஆமாமா, ஆறு" என்றார்.

மீன்கள் திரும்பத் திரும்பச் சேர்ந்து முட்டையிட்டுக்கொண்டே இருந்ததால் அன்றைக்கு மத்தியானம் வீட்டில் சமைக்கவில்லை. ரொட்டியும் வாழைப்பழமும் தின்றார்கள். அவள் ஒரு கையில் ரொட்டியும் தாடைக்கடியில் டப்புமாக இருந்தாள். கல்யாணமான புதிதில் இப்படிச் சமையல் மறந்து உட்கார்ந்த நாட்கள் உண்டு. அதை அவர் சொன்னார். "வெக்கமா இல்ல, மீனுக்கு முன்னாடி" என்று அவள் சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை மாசமாகிறது என்று அவருக்குக் கணக்கில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே பெட்டையைத் தனி பாட்டிலுக்கு மாற்றிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை குஞ்சு பொரித்தது. நுரையிலிருந்து, வெட்டிய நூல் நுனிபோல, வால்கள் தொங்கின. கீழே விழுவதையெல்லாம் ஆண் பொறுக்கிப் பொறுக்கித் திரும்பவும் கூட்டில் செருகிக்கொண்டே இருந்தது. தின்னவில்லை, தூங்கவில்லை. "அப்பன்னா இப்படி இருக்கணும்" என்று சொல்லி அவள் அவரைக் கடைக்கண்ணால் பார்த்தாள். அவர் உட்கார்ந்திருந்ததோ மறுபக்கம்.

வெள்ளிக்கிழமை குஞ்சுகள் படுக்கைவாட்டில் நீந்த ஆரம்பித்தன. இனி ஆண் இருந்தால் பசிக்குத் தின்றுவிடும் என்று கடைக்காரர் எச்சரித்திருந்தார். காலையில் வேலைக்குப் போகுமுன் அவரே கரண்டியால் ஆணை எடுத்து ஊறுகாய் பாட்டிலில் விட்டு ஜன்னலில் வைத்தார். கோஸ் இலையை நாலு நாள் ஊறவைத்த தண்ணீரை அவள் சொட்டுச் சொட்டாகக் குஞ்சுகளுக்கு விட்டாள். கண்ணுக்குத் தெரியாத பூச்சி அதில் இருக்குமாம், அதுதான் அதுகளுக்குச் சாப்பாடு.

"எம்பது இருக்கும்ங்க. நூறுகூட இருக்கும். மூடியே வையுங்கன்னு கடைக்காரர் சொல்லியிருக்கார். மேல குளிர்காத்துப் பட்டா சுவாசம் கெட்டுப்போயிடுமாம்."

பிளாஸ்டிக் தாளால் டப்பை மூடியிருந்தாள். அதைக் கொஞ்சம் விலக்கி, முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்ப்பாள். "நேத்தைக்கு இன்னைக்குப் பெருசா இருக்குல்ல?" அவர் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது.

சனிக்கிழமை மழை. விடிவதற்கு முன்பே பிடித்துக்கொண்டது. மழையில் புகை அடிப்பதில்லை. வீடு வீடாகப் போய்த் தேங்கின தண்ணீரைக் கவிழ்க்கச் சொல்வார்கள். அதனால் இயந்திரமும் வேண்டாம், வேலைத் துண்டும் வேண்டாம்.

வேலைத் துண்டு என்பது புகை அடிக்கும்போது அவர் மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிக்கொள்வது. இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ துண்டு மாறிவிட்டது, இடம் மட்டும் மாறவில்லை. வெளியே படிக்கட்டுச் சுவரில் ஓர் ஆணி. வீட்டுக்குள் அதற்கு அனுமதி இல்லை, அது அவள் போட்ட சட்டம். அதில் ஊறியிருக்கும் மருந்து மனுஷனைப் பெரிதாக ஒன்றும் செய்யாது என்பார்கள். மீனுக்கு ஆகவே ஆகாது. குளத்துப் பக்கம், கிணற்றுப் பக்கம் புகை அடிக்காதே என்பதுதான் அந்த வேலையில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது.

மழை சாய்வாக அடித்துப் படிக்கட்டெல்லாம் நனைந்தது. துண்டு சொட்டச் சொட்டத் தொங்கியது. அவர் செருப்பை மாட்டிக்கொண்டே அதை எடுத்துப் பிழிந்து உள்ளே கொடியில், வீட்டுத் துண்டுக்குப் பக்கத்தில் போட்டார். நேரமாகிவிட்டது. சாயங்காலம் எடுத்துக்கொள்ளலாம் என்று குடையை விரித்தார். இரண்டு துண்டும் ஒரே கடையில், ஒரே அளவில் வாங்கியவை. வீட்டுத் துண்டு மஞ்சள். வேலைத் துண்டு வெளிர்பச்சை.

மூன்று மணிக்கு முழங்கால் வரை நனைந்து திரும்பி வந்தார். அவள் அடுப்படியில் உட்கார்ந்து கோஸ் இலையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டீங்களா? காத்து ஜிலுஜிலுன்னு அடிச்சுது. பிளாஸ்டிக் தாள் பறந்துபோச்சு. வீட்டுத் துண்டை எடுத்து டப்பு மேல போட்டிருக்கேன். குளிரக்கூடாதுல்ல. உங்களுக்குத் தலை துவட்ட வேற எடுத்துக்கங்க."

அவர் டப்பைப் பார்த்தார். வெளிர்பச்சை.

ஒரு முனை நழுவித் தண்ணீருக்குள் கிடந்தது. நின்றபடியே துண்டை மெல்லத் தூக்கினார். தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம் வானவில்லாக விலகியது. அடியில், வாதாம் இலையைச் சுற்றி, அத்தனை குஞ்சுகளும் படிந்து கிடந்தன. சட்டையில் காஜா எடுத்து முடித்தபின் தரையில் கிடக்கும் நூல் துணுக்குகள்போல் இருந்தது. விரலை விட்டுக் கலக்கினார். சுழலோடு சுழன்று, சுழல் நின்றதும் திரும்பவும் படிந்தன.

இருபத்திரண்டு வருஷத்தில் அவர் எத்தனை கோடிக் கொசுவைக் கொன்ற மருந்து அது. துண்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். யாரிடமிருந்து மறைக்கிறோம் என்று அவருக்கே புரியவில்லை.

"என்னங்க, சத்தத்தையே காணோம்? ஓடுதா எல்லாம்?"

"இல்லம்மா" என்றார். "அவன்... அப்பன்காரன் தின்னுட்டான் போல. ஒண்ணையும் காணோம்."

அடுப்படியில் இலை கிழிபடும் சத்தம் நின்றது.

"யாரு தின்னா?"

"ஆண்தான். கடைக்காரர்கூடச் சொன்னாரே, பசி வந்தா..."

"அவனை நேத்துக் காலையில நீங்கதானே எடுத்து பாட்டில்ல விட்டீங்க?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். ஊறுகாய் பாட்டிலுக்குள் கருநீல ஆண் வாலை விசிறிக்கொண்டிருந்தது. ஒரு பொய் சொல்ல வந்தால் அதையாவது ஒழுங்காகச் சொல்லத் தெரியவேண்டாமா?

அவள் எழுந்து வந்தாள். டப்புக்கு முன்னால் மண்டியிட்டுத் தாடையை விளிம்பில் வைத்தாள். முகம் இங்குமங்கும் அலைந்தது. அலைந்துகொண்டே இருந்தது. அசைகிற ஒன்று கிடைத்தால்தானே நிற்க?

"துண்டை எங்க?"

"கொடியில போட்டுட்டேன்."

"கையில இருக்கிறதக் குடுங்க. தண்ணி சொட்டுற சத்தம் கேக்குது."

"வீட்டுத் துண்டுதான்மா. நீ சரியாத்தான் எடுத்திருக்க. தண்ணியிலதான் ஏதோ..."

"குடுங்க."

கொடுத்தார். அவள் அதை மடியில் போட்டு ஓரமாகவே விரலை ஓட்டிக்கொண்டு போனாள். மூன்றாவது மூலையில் விரல் நின்றது. பிடரியில் பொத்தான் போட்டு மாட்டிக்கொள்வதற்காக அவளே எடுத்துக் கொடுத்த காஜா. குனிந்து வேலை செய்யும்போது முடிச்சு அவிழ்ந்துவிடுகிறது என்று அவர் சொன்னதற்காக, கோட்டுக்கு எடுப்பதுபோல நெருக்கமாக நூல் சுற்றி எடுத்தது. ஊரிலேயே காஜா வைத்த துண்டு அது ஒன்றுதான். விரல் நுனியை அந்த ஓட்டைக்குள் விட்டு அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள்.

"உள்ள கொண்டுவந்து போட்டது நான்தான். தப்பு என்னுது. நனைஞ்சிருந்துது, நேரமாச்சுன்னு..." என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார்.

"தடவிப் பாத்திருந்தா ஒரு நொடியில தெரிஞ்சிருக்கும்" என்றாள். அவரிடம் சொன்னது மாதிரி இல்லை. "எப்பேர்ப்பட்ட கை இது, இருபத்தஞ்சு வருஷமா ஊசி பிடிச்ச கை. ரெண்டு துண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, நல்லா உத்து உத்துப் பாத்துதாங்க எடுத்தேன். மஞ்சள்னுதான் எடுத்தேன். கண்ணால பாத்தேங்க நான்."

அழுவாள் என்று எதிர்பார்த்தார். அழுதிருந்தால் தேவலை. அவள் துண்டை நான்காக மடித்தாள்.

அவருக்கு எதையாவது சொல்லியாகவேண்டும் போலிருந்தது. "ஆண் தெம்பாத்தான் இருக்கான். பாட்டில்லயே நுரை விட ஆரம்பிச்சுட்டான் பாரு. பெட்டையும் இருக்கா. இன்னும் பதினஞ்சு நாள் நல்லாத் தீனி போட்டு, திரும்பப் போட்டுப் பாத்தா..."

"போடலாம்" என்றாள் அவள் உடனே. அவருக்கு ஒரு கணம் உயிர் வந்தது.

"அடுத்த தடவை நீங்க பாத்துச் சொல்லுங்க. எங்க போறா, எங்க வர்றான், எத்தனை முட்டை. எல்லாத்தையும் சொல்லுங்க. நான் கேட்டுக்கறேன்."

துண்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அதன் இடம் வெளியே ஆணிதான். வாசலுக்கு எட்டடி தூரம். இதுநாள்வரை எத்தனை முறை கதவிலும் நாற்காலியிலும் இடித்துக்கொண்டாலும் நேராகவே நடந்தவள், அன்றைக்கு இடது கையை நீட்டிச் சுவரைத் தொட்டாள். தொட்டபடியே, ஒவ்வோர் அடியாக எடுத்துவைத்துப் போனாள். அவர் நனைந்த கால்சட்டையோடு நின்ற இடத்திலேயே நின்றார்.